சிவப்பு வட்டம் போடாத பிளேட்

அத்தியாயம் 14

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்காக நாலே வரி. அண்ணிக்கு அடிவயிற்றில் கட்டி. திங்கட்கிழமை காலை ஆப்பரேஷன். கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அண்ணிக்கு வயது முப்பத்துமூன்றுதான். ஐந்து வருடமாக அவள் உடம்பில் கருத்தடைக்கு வைக்கிற ஒரு காப்பர்-டி இருந்ததும், ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு சின்ன கிளினிக்கில் அதை எடுத்ததும் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவளுடைய நாத்தனார், அதாவது நம் சின்னவள். அண்ணனுக்குத் தெரியாது.

நாலு வரி என்று சொல்லிவிட்டு எட்டு வரி ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாத்தனார் கையில் ரகசியத்தைக் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அவர் வீட்டு நாத்தனார் எப்படியோ, எனக்குத் தெரியாது. நம் சின்னவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் இந்த வாரத்துத் தொல்லை.

இன்னும் மூன்று பேர், அண்ணன் தினமும் காலையில் எதற்காக ஓடுகிறான், ஒரு நாளைக்கு ஆறு காபி குடித்தவன் ஏன் அதை அடியோடு விட்டான் என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவனுக்குத் தொந்தி விழாதா? அதைக் குறைக்கத்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன்.

*

சனிக்கிழமை காலை எட்டரை மணி. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், மயக்க மருந்து டாக்டரின் அறைக்கு வெளியே அண்ணியும் சின்னவளும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கணக்கு டீச்சர். அரைப் பரீட்சைத் தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஆப்பரேஷனுக்கு வந்த இடத்துலயும் பிள்ளைங்களை விடமாட்டீங்களா அண்ணி?"

"இதைத் திருத்தினாத்தான் எனக்கு வேற எதுவும் ஞாபகம் வராது" என்றாள் அண்ணி. ஒரு பையனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "அது என்னாச்சு?"

"இன்னிக்கு ஒம்பதாவது நாள். இங்கேருந்து லேபுக்குப் போனதும் ஜாடியைத் திறந்து பார்க்கப் போறேன்."

அது என்றால் அந்தக் காப்பர்-டி, இப்போது சின்னவள் டெக்னீஷியனாக இருக்கிற லேபில் இருந்தது. கிளினிக் டாக்டர் அதை எடுத்ததும், சுத்தமான பாட்டிலில் போட்டு, கிருமி ஏதாவது வளர்கிறதா என்று கல்ச்சர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, இந்தக் கடிதத்தைக் காட்டு" என்று ஒரு கடிதமும் கொடுத்தார். அண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கடிதத்தை மட்டும் காட்டவில்லை. அதில் முதல் வரியிலேயே காப்பர்-டி என்று இருந்தது. பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

சர்ஜனும் கேட்கத்தான் கேட்டார், உள்ளே லூப், காப்பர்-டி ஏதாவது வைத்திருந்தீர்களா என்று. இல்லை என்றாள். தப்பான விடைக்குச் சிவப்பு மையில் கோடு போடுவதே தொழிலாக இருப்பவள், அந்த ஒரு விடையைத் தானே தப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"கிருமி வந்தா?" என்று அண்ணி கேட்டாள்.

"மெதுவா வளர்ற ஒரு வகை இருக்கு. அது இருந்தா, உங்க வயித்துல இருக்கறது அந்தக் கிருமி கட்டின வீக்கமா இருக்கலாம். மருந்துலயே கரையும். ஸ்கேன்ல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்னு எங்க லேப் டாக்டரம்மா சொல்வாங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா திங்கட்கிழமை."

அண்ணி அடுத்த தாளை எடுத்தாள். "வந்தா நான் சர்ஜன்கிட்ட சொல்லணும் இல்ல?"

"ஆமா அண்ணி."

"அவரும் கூட இருப்பாரு."

"இருக்கட்டுமே."

சின்னவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அண்ணிக்கு அது சுலபமில்லை. முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், நாலு பாட்டில் ஏற்றித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். அன்றைக்கு நர்ஸ் வந்து, இப்போதைக்கு இன்னொன்று தங்காமல் இருக்க ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டபோது, சரி என்று தலையை ஆட்டினாள். வெளியே அண்ணன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அடுத்தது எப்படி இருக்கும் என்று எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை அடுத்த மாதமாயிற்று. அடுத்த மாதம் ஐந்து வருடமாயிற்று.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி தாள்களைச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

*

லேப் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான். சின்னவள் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லியிருந்தாள். வரும்போது பத்து மணி.

கதவைத் திறந்ததும் குக்கர் சத்தம் கேட்டது. குக்கர் என்றால் சமையல் குக்கர் இல்லை. கிருமி வளர்த்த பிளேட்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன் நீராவியில் வேகவைத்துக் கொல்கிற பெரிய ஸ்டீல் பானை. அதை ஓட்டுகிறவருக்கு இருபது வருடமாகக் குக்கர்க்காரர் என்றே பெயர். அவருடைய கல்யாணப் பத்திரிகையில்கூட நண்பர்கள் அப்படித்தான் அச்சடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

சின்னவள் கையுறை மாட்டிக்கொண்டு, கிருமியை இளஞ்சூட்டில் வளர்க்கிற இன்குபேட்டரின் கீழ்த்தட்டைத் திறந்தாள். காற்றுப் புகாத ஜாடி அங்கேதான் இருந்தது. உள்ளே இருந்த பிளேட்டுகள்தான் வேறு. இன்றைய தேதி போட்ட பிளேட்டுகள்.

அவள் கீழ்த்தட்டு முழுக்கக் கையை விட்டுத் தேடினாள்.

"அண்ணே, இந்த ஜாடில ரெண்டு பிளேட் இருந்துச்சே?"

குக்கர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். "காலைல தியேட்டர்லேருந்து அவசரமா சீழ் சாம்பிள் வந்துச்சு தங்கச்சி. ஜாடி வேணும்னாங்க. உள்ள இருந்த ரெண்டுலயும் வட்டம் இல்ல. தேதி பார்த்தா ஒம்பது நாள் ஆயிருக்கு. குக்கருக்குப் போற டப்பாவுல போட்டாங்க."

"அதுல ஏதாவது வளர்ந்திருக்கான்னு யாராவது பார்த்தாங்களா?"

"வட்டம் இல்லாததை யாரு பார்ப்பாங்க?"

அவர் சொன்னது நியாயம். அந்த லேபின் வழக்கம் அப்படி. எந்த பிளேட்டையும் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அதற்கு மேல் வைக்க வேண்டியதென்றால், பிளேட்டின் அடியில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, எந்தத் தேதி வரை என்று எழுத வேண்டும். சுவரில் இருக்கிற பலகையிலும் நோயாளியின் பெயரோடு எழுத வேண்டும். வட்டம் இல்லாமல் ஐந்து நாள் தாண்டியதெல்லாம் சனிக்கிழமை குக்கருக்குப் போகும்.

சின்னவளுக்கு இது தலைகீழ்ப் பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். ஆனாலும் அண்ணியின் பிளேட்டுகளுக்கு அவள் வட்டம் போடவில்லை. வட்டம் போட்டால் பலகையில் பெயர் ஏறும். அபூர்வமான கேஸ் என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள், யார், என்ன என்று கேட்பார்கள். "என் பேரை யாரும் பார்க்க வேண்டாம், நீயே பண்ணு" என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். அதனால் வெறும் நம்பரை மட்டும் எழுதி, ஜாடியைக் கடைசித் தட்டில் பின்னால் தள்ளி வைத்தாள். சொந்தக்காரர்களின் சாம்பிளை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதையும் செய்யவில்லை.

"நிறுத்த முடியாதா அண்ணே?"

"எட்டு மணிக்கே ஒரு தடவை வெந்து எறக்கியாச்சு தங்கச்சி. இது ரெண்டாவது."

முதல் தடவை இறக்கிய பை சுவரோரம் ஆறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பிளேட்டுகளெல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருந்தன. அதில் எது அண்ணியுடையது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

சின்னவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அண்ணியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்த காரியம், அண்ணிக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் இன்னொரு கல்ச்சர் வளராது. எடுத்துப் போட இன்னொரு காப்பர்-டியும் இல்லை.

குக்கர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "முக்கியமானதா?"

அவள் இன்குபேட்டர் கதவைச் சாத்தினாள்.

"தண்ணி குடி" என்றார். "பிளாஸ்டிக் போனா போகட்டும். கண்ணாடி டியூப் எதுவும் போட்டு வெச்சியா? அதை நான் தொடல. கண்ணாடிக்குத் திங்கட்கிழமை."

சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இன்குபேட்டரின் பக்கம் திரும்பினாள்.

*

போட்டு வைத்திருந்தாள். காப்பர்-டியைக் கழுவிய தண்ணீரில் கொஞ்சத்தை பிளேட்டில் தடவினால், கொஞ்சத்தை ஒரு டியூப் சத்துத் திரவத்திலும் விட்டு வைப்பது வழக்கம். டியூப்பின் அடிப்பகுதியில் காற்று எட்டாது. காற்றே ஆகாத கிருமி அங்கே வளரும். ஐந்தாம் நாள் பார்த்தபோது திரவம் தெளிவாக இருந்தது. அதோடு அதை மறந்துவிட்டாள். பிளேட்டில்தான் வரும் என்று நம்பியிருந்தாள்.

மேல்தட்டில் ஸ்டாண்டின் கடைசி வரிசையில் அந்த டியூப் நின்றது. அதே நம்பர், அவளுடைய அதே கையெழுத்து. எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மேலே இன்னமும் தெளிவாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் ரொட்டித் தூள் உதிர்ந்த மாதிரி நாலைந்து வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. டியூப்பை மெல்ல ஆட்டினால் அவை கரையாமல் உருண்டன.

  வேலை என்று வந்துவிட்டால் அவள் கை தன்பாட்டுக்கு நடக்கும். மெல்லிய குழாயால் ஒரு துணுக்கை உறிஞ்சி எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். காய வைத்தாள். ஊதா மை, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு மை என்று வரிசையாக ஊற்றிக் கழுவினாள். மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் கண்ணைப் பொருத்தினாள்.

ஊதா நிறத்தில் நூல் நூலாக இருந்தது. நூலிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னொரு கிளை.

சின்னவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா அந்த லேபின் தலைமை. ஏசி குளிருக்கு வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பவர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. அதனால்தான் எல்லோருக்கும் பயம். அவர் வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நாலு நிமிடம் பார்த்தார். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆக்டினோமைசிஸ் மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பொறுமைசாலி. எல்லார் வாயிலயும் பல்லிடுக்குல பேசாம உக்காந்திருக்கும். யாரையும் ஒண்ணும் பண்ணாது. காப்பர்-டி மாதிரி ஏதாவது ரொம்ப நாள் உள்ள இருந்தா, சில பேருக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வேலையைக் காட்டும். பேரை உறுதியாச் சொல்ல இன்னும் நாலஞ்சு நாள் ஆகும். பிளேட் எங்க?"

"வெந்துடுச்சு டாக்டர்."

"வெந்துடுச்சா?"

"நான் வட்டம் போடல."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? ஏன்?"

"பலகையில பேரு எழுத வேண்டாம்னு நினைச்சேன். எங்க அண்ணி சாம்பிள் டாக்டர். திங்கட்கிழமை அவங்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்கப் போறாங்க. காப்பர்-டி இருந்த விஷயம் சர்ஜனுக்கே தெரியாது. எங்க அண்ணனுக்கும் தெரியாது."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், இந்த ஒன்பது நாளில் அதை முதல் தடவையாக வெளியே சொல்கிறோம் என்று உறைத்தது.

"சொந்தக்காரங்க சாம்பிளை நீ தொடக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

"ஆமா."

டாக்டரம்மா ஸ்வெட்டரின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அதைப் பத்தித் திங்கட்கிழமை பேசலாம். நடந்ததை அப்படியே எழுதிக் கொண்டு வா. இப்ப இதைக் கேளு. நம்ம ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த கிளினிக் டாக்டருக்குத்தான் போகும். அதை இப்பவே போன்ல சொல்லிடறேன். சர்ஜன்கிட்ட நானாப் போய்ச் சொல்ல முடியாது. உங்க அண்ணி மறைச்ச விஷயம் அது. அவங்க வாய் திறந்து, லேப்ல கேட்டுக்கோங்கன்னு சொன்னா, அந்த நிமிஷமே அவர்கிட்ட எல்லாத்தையும் பேசறேன். அவர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

"அஞ்சு மணிக்குக் கடைசியாப் பார்க்கறாங்க. அப்புறம் திங்கட்கிழமை நேரா தியேட்டர்தான்."

"அஞ்சுக்கு நான் போன் பக்கத்துலயே இருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

*

நாலே முக்காலுக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். கடையிலிருந்து நேராக வந்தது சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளில் தெரிந்தது. காலில் அவனுடைய ஓடுகிற ஷூ. இப்போதெல்லாம் கல்யாணத்துக்குக்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறான். அண்ணிக்குக் குடிக்கத் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிக்குப் போனான்.

அந்த இடைவெளியில் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டம் போடாததையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அண்ணியை மத்தியானமே வார்டில் சேர்த்திருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தாளையும் திருத்தி முடித்திருந்தாள். கையில் பேனா மட்டும் மிச்சம்.

"நீயே சொல்லிடேன்" என்றாள்.

"என்னால முடியாது அண்ணி. எங்க டாக்டராலயே முடியாதாம்."

"ஒரு வாரம் டைம் குடு. நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"ஒரு வாரத்துல எல்லாம் எடுத்து முடிச்சிருப்பாங்க. அப்புறம் எதுக்குச் சொல்றது?"

அண்ணி பேனாவைக் கைப்பையில் போட்டாள். தாழ்வாரத்தில் ஷூ சத்தம் கேட்டது. அண்ணன் பாட்டிலைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, கூப்பிடறாங்க என்றான். அண்ணி எழுந்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. சொல்வாளா, மாட்டாளா என்று அவள் முகத்தில் எதுவுமே தெரியவில்லை.

சர்ஜன் மேசைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசுகிற வழக்கம் அவருக்கு. "ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. ரத்தம் ரெண்டு யூனிட் எடுத்து வெச்சாச்சு. வேற ஏதாவது கேக்கணுமா?"

"நான்தான் ஒண்ணு சொல்லணும் டாக்டர்" என்றாள் அண்ணி. வகுப்பில் பேசுகிற அதே குரல், கொஞ்சம் மெலிந்திருந்தது. "முதல் நாள் நீங்க ஒண்ணு கேட்டீங்க. அதுக்கு நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். காப்பர்-டி இருந்துச்சு. பிரசவம் ஆன அன்னிக்கே வெச்சது. அஞ்சு வருஷம் இருந்துச்சு. ஒம்பது நாள் முன்னாடிதான் எடுத்தேன்."

சர்ஜன் நிமிர்ந்தார். பேனாவை மூடினார்.

"எடுத்ததை டெஸ்டுக்குக் கொடுத்திருக்கு" என்று அண்ணி தொடர்ந்தாள். "எதிர் லேப்ல டாக்டரம்மா போன் பக்கத்துல இருக்காங்க. எல்லாத்தையும் அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. கிளினிக்ல கொடுத்த கடிதமும் இருக்கு."

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டாக மடித்த மடிப்பு தேய்ந்து போயிருந்தது. எத்தனை தடவை பிரித்திருப்பாளோ.

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்ஜன் போனில் பத்து நிமிடம் பேசினார். பேசியதில் பாதி "ம்", மீதி கேள்வி. ஸ்கேன் படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும். சரி. திங்கட்கிழமை ஆப்பரேஷன் இல்ல. இன்னிக்கு ராத்திரியே பெனிசிலின் ட்ரிப் ஆரம்பிக்கறோம். ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன். கட்டி சுருங்கியிருந்தா மருந்தையே மாசக்கணக்குல கொடுத்துக் கரைச்சுடலாம். கர்ப்பப்பையில கை வைக்க வேண்டாம். சுருங்கலைன்னா, அது வேற கட்டின்னு அர்த்தம். அப்ப இதே நாற்காலில உக்காந்து மறுபடி பேசணும். நான் எதையும் உறுதியாச் சொல்லல."

அண்ணி தலையை ஆட்டினாள். 

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அது உள்ள இருந்தா, குழந்தை தங்காதா டாக்டர்?"

சர்ஜன் அவனை விசித்திரமாகப் பார்த்தார். "அதுக்குத்தானே அதை வைக்கறது."

*

தாழ்வாரத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஒரு ஓரம், அண்ணி ஒரு ஓரம். நடுவில் மாட்டிக்கொண்டது சின்னவள். எழுந்து போகலாம் என்றால் எதிரே நர்ஸ் ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். வழியில்லை.

"பார்க்கைச் சுத்தி ஒரு ரவுண்டு எண்ணூறு மீட்டர்" என்றான் அண்ணன், எதிர்ச் சுவரிடம் சொல்வது போல. "தினம் அஞ்சு ரவுண்டு ஓடறேன்."

அண்ணி அவனைப் பார்த்தாள்.

"ரெண்டாவது ஏன் தங்கலைன்னு ரெண்டு வருஷம் முன்னாடி போய் நான் ஒரு டெஸ்ட் எடுத்தேன். உன் லேப்ல கொடுத்தா நீ பார்த்துடுவன்னு" என்று தங்கையின் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னான், "பஸ் பிடிச்சு வேற லேபுக்குப் போனேன். எண்ணிக்கை கொஞ்சம் கம்மின்னு வந்துச்சு. காபியை விடச் சொன்னாங்க. ஓடச் சொன்னாங்க. மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். பாதி காலியாக இருந்தது.

"என்னாலதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அண்ணி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு நாள் காலையும் ஐந்தரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் கிளம்பும்போது, தூக்கக் கலக்கத்தில் தான் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. தொந்தியைப் பற்றி அவள் பண்ணாத கேலியில்லை. அண்ணிக்கு அழுகை வந்தது. பரீட்சைத் தாள் கட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள்.

"நீயும்தான்."

சின்னவள் நடுவில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  சொல்லாமல் மறைத்தவர்கள் வரிசையில் மூன்றாவது ஆள் அவள்.

அண்ணன் எழுந்து போனான். வீட்டுக்குப் போய்விட்டானோ என்று இரண்டு பேரும் ஒன்றாக நினைத்தார்கள். அண்ணி மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் படித்தாள். எத்தனை காலியாக இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பெஞ்சில் வைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து ஷூ சத்தம் திரும்பி வந்தது.

கேன்டீனிலிருந்து காபி வாங்கி வந்திருந்தான். சின்னவளுக்கு ஒரு காகிதக் கப், அண்ணிக்கு ஒரு காகிதக் கப். மூன்றாவது இல்லை.

"உங்களுக்கு?" என்றாள் அண்ணி.

"வேண்டாம்."

அண்ணி தன் கப்பை அவன் பக்கம் நீட்டினாள். "இனிமே எதுக்கு? குடிங்க."

அவன் கப்பையே பார்த்தான். வாசனை மூக்கில் ஏறியிருக்கும். இரண்டு வருடம் ஆயிற்று. கையை நீட்டவில்லை. பெஞ்சில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அண்ணிக்குப் புரியவில்லை. இன்னமும் குழந்தை ஆசை வைத்திருக்கிறானா, இல்லை, அவள் கையால் வாங்கப் பிடிக்கவில்லையா? இரண்டு வாரத்தில் ஸ்கேன் என்ன சொல்லும் என்பதைவிட, அது அவளுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

"இப்ப வேண்டாம்னா, எப்ப?" என்றாள் மெதுவாக.

அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை நடுவில் சின்னவள் இல்லை.

"சொல்றேன்" என்றான்.

அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.